தூக்குவாளியில் ஒரு கீற்று

கழியோரம் வெயில் கொதிக்கிறது. மல்லாட்டை எனும் வேர்க்கடலை போட்ட கொல்லையைத் தர்பூசணிக்கு மாற்றியபின் காய்த்த முதல் பழத்தோடு தோழி பவுலினைப் பார்க்க வந்திருக்கிறாள் தையல்நாயகி. மறு கையில், எப்போதும் பவுலின் தரும் இறால் நிரம்பித் திரும்பும் தூக்குவாளி. கழித் தண்ணீர் பாசி கட்டிக் கூழாய்ப் பச்சையாகக் கிடக்கிறது. செத்த மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதக்கின்றன. பவுலினின் இறால் கூடை காய்ந்து கவிழ்ந்திருக்கிறது. பவுலின் பழத்தை அரிந்து கடிக்க, சாறு முழங்கைவரை வழிகிறது. “நல்லா இனிக்குதுடி. ஒரம் நெறைய போட்டியா?” “மல்லாட்டைக்குப் போட்டத விட மூணு பங்கு. பாதிய மழ அடிச்சிக்கினு பூடுச்சி.” “எங்க?” “வாய்க்காலோட இந்தக் கழிக்கு…” என்று தொடங்கிய தையல்நாயகி, பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் தூக்குவாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். பவுலின் தூக்குவாளியை வாங்குகிறாள். “வெறும் பாத்திரமா எப்பிடிடி அனுப்புறது?” அந்தப் பழத்திலேயே ஒரு கீற்றை உள்ளே வைத்து, மூடித் தருகிறாள்.