ஒரு கோடு தண்ணீர்

என்ஜின் ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை.

அவன் படகின் பின்பக்கம் குனிந்து, என்ஜின் முதுகிலிருக்கும் சின்னத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிற என்ஜின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதில் கொஞ்சத்தை அந்தத் துளை வழியாக ஒரு கோடாகப் பீய்ச்ச வேண்டும். அதுதான் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சொட்டுகூட இல்லை.

அணைத்தான். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் உள்ளே வெந்துபோகும்.

துறையின் பலகையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை. கூடையில் தக்காளிச் சோறு, அவனுடைய மாத்திரை டப்பா.

பெயர் பெர்னதெத். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து காரைக்கால்காரி. நாளை விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள்.

அவளுடைய சிறுநீரகங்களில் ஒன்று இப்போது அவனிடம் இருக்கிறது.

ஆப்பரேஷனுக்குப் பிறகு அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து அவள் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் இரண்டு கைகளையும் குவித்தான். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, செருப்பு பிஞ்சிடும்."

அப்புறம் போகிற போக்கில்,

"உன் படகுல ஒருதரம் ஏத்திக் கூட்டிட்டுப் போ. போதும்."

ஆயுசிலேயே அவள் அவனிடம் கேட்டது அது ஒன்றுதான்.

டயாலிசிஸ் காலமெல்லாம் படகு தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. உடம்பு தேறியதும் அதைச் சரிபார்க்க மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். மனசு வரவில்லை. முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை. அடியில் காய்ந்து ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினான். விரிசலுக்கு ரெசின் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தளத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தான். அதன்மேல் யாரையும் செருப்புக் காலோடு ஏறவிடுவதில்லை. அவனுடைய செருப்பே இப்போது பலகையில்தான் கிடக்கிறது. தண்ணீரை மேலே இழுக்கிற ரப்பர் சக்கரம் இறுகிக் கல்லாகியிருந்தது. அதையும் தானே மாற்றினான்.

கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. காலையில் நாலு பேர் வந்து படகை அரியாங்குப்பத்து ஆற்றில் இறக்கிக்கொடுத்தார்கள். அக்கா அவனைக் கயிற்றைக்கூடத் தொடவிடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு இது.

சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டேனோ? பிரித்துப் பார்க்க வேண்டுமானால் படகைக் கரையேற்ற வேண்டும். இந்நேரத்துக்கு நாலு பேருக்கு எங்கே போவது? மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

பாழாய்ப்போன என்ஜினே, இன்றைக்குத்தானா?

அதைத் தண்ணீரைவிட்டு மேலே சாய்த்தான். துளையருகே முகத்தைக் கொண்டுபோனான்.

உள்ளே மண்.

குளவி! படகு சும்மா கிடந்த காலத்தில் ஏதோ ஒரு குளவி உள்ளே குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து கிரீஸ் போட்டவன், இந்த ஒரு துளையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, ஊக்கு இருக்கா?"

முந்தானையிலிருந்து கழற்றி நீட்டினாள்.

"கிட்னியக் குடுத்தாச்சு. இப்ப ஊக்கு வேற."

குத்தினான். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊக்கின் முனை வளைகிற வரைக்கும் குத்தினான். என்ஜினைத் தண்ணீரில் இறக்கிச் சாவியைத் திருப்பினான்.

சத்தம். புகை.

துளையில் ஒன்றுமில்லை.

பலகையில் அக்கா எழுந்து நின்றாள். அங்கிருந்து அவளுக்குத் துளை தெரியாது.

"வந்துச்சா?"

ஆப்பரேஷன் அன்றைக்கும் இதைத்தான் கேட்டாளாம். நர்ஸ் பிறகு சொன்னார். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை, விலாவில் தையல், வலி. தனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், தம்பிக்கு வந்துச்சா, தம்பிக்கு வந்துச்சா என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவன் கட்டிலோரம் தொங்கிய பையில் முதல் சிறுநீர் இறங்குகிற வரைக்கும்.

மாதாவே.

துளை கொஞ்சம் சேற்றைத் துப்பியது. மறுபடியும் துப்பியது. அப்புறம் ஒரு கோடு. மெல்லிசாக, நேராக, நிற்காமல்.

"வந்துடுச்சுக்கா!"

அதோடு, இத்தனை மாதமாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். என்ஜின் போடுகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்கிற தைரியம்.

அக்கா அவனை முறைத்தாள்.

குனிந்தாள். ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

அவன் படகுக்குள் ஓரடி பின்வாங்கினான்.

அவள் அதைப் பலகையில், அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றையும் கழற்றி ஜோடியாக வைத்தாள்.

பிறகு அவன் பக்கம் கையை நீட்டினாள்.