மூன்றாவது முடிச்சு

ராஜபாளையத்துக் கடையின் கண்ணாடி மேசையில் இரண்டு கேமராக்கள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. சூர்யபிரகாஷ் ஒன்றை எடுக்கிறான், வைக்கிறான், மற்றதை எடுக்கிறான். ஒன்று பழைய மாடல், அவனிடம் உள்ள லென்ஸுகள் அதற்கு அப்படியே பொருந்தும். புதுசு மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று எடுக்கும், ஆனால் லென்ஸும் புதிதாக வாங்க வேண்டும். கடைக்கார அஃப்சல் அவசரப்படுத்தவில்லை. சூர்யா இத்தனை நாளும் பிழைப்பு நடத்திய கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்தை அமுக்கி உள்ளே காற்றடிக்கிறார். மஞ்சள் பூசிய அரிசிக் குருணை ஒன்று மேசையில் உதிர்கிறது. “அட்சதை போடும்போதா தம்பி லென்ஸ மாத்துன?” “எல்லாரும் எந்திரிச்சு வந்து மறச்சுட்டாவ பாய். வைடு லென்ஸ மாட்டி நிமிரதுக்குள்ள நாத்தனா மூணாவது முடிச்சையும் போட்டுட்டா.” “ரெண்டு கேமரா தோள்ல கெடந்தா மாத்துற சோலியே இல்லையே.” மேசையில் கிடக்கும் அவன் போன் அதிர்ந்து, குருணையை நோக்கி மெல்ல நகர்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணப் பெண். காலையிலும் கூப்பிட்டாள். “தாலி கட்டுற போட்டோ மட்டும் வரலயேண்ணே?” என்றாள். “எடிட்டிங்ல இருக்கும்மா” என்று சொல்லிவிட்டான். அஃப்சல் புதுசில் ஒரு லென்ஸை மாட்டி நீட்டுகிறார். சூர்யா கண்ணில் வைத்து மேசைப் பக்கம் திருப்புகிறான். பச்சைக் கட்டம் தானாகவே போய் போனின்மேல் நிற்கிறது. திரையில் அவள் அழைப்பு: பாண்டீஸ்வரி கல்யாணம். எழுத்தெழுத்தாகத் தெளிகிறது. “போகஸ் எப்படிப் புடிக்குது?” கண்ணை எடுக்காமல் சொல்கிறான், “நல்லாத்தான் புடிக்குது பாய்.”