டெட்லாக்கும் ஒரு நண்டும்

முதலில் தப்பு செய்தவன் பக்கத்து வயல் ரெத்தினம்தான். வீரையனின் மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்தவன், பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டான். குடவாசல் பக்கம் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்றிலிருந்து வீரையன் அவனோடு பேசுவதில்லை.

இந்தக் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரவில்லை. போர் மோட்டார் வீரையனிடம் இருந்தது. பக்கத்திலேயே ரெத்தினத்தின் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் வீரையனின் கீழ்வயலுக்குப் போகிற வாய்க்கால் ரெத்தினத்தின் நிலத்தில் ஓடியது. அதை அவன் மண் போட்டு அடைத்திருந்தான்.

"முதல்ல தண்ணி விடச் சொல்லுங்க, வாய்க்காலைத் திறக்கறேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான் ரெத்தினம்.

"முதல்ல அவனைத் திறக்கச் சொல்லு, தண்ணி விடறேன்" என்றார் வீரையன்.

இரண்டும் நடக்கவில்லை.

சென்னை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வீரையனின் இளைய மகள் குந்தவை லீவுக்கு வந்திருந்தாள். லீவிலும் லேப்டாப்பும் போனுமாகத்தான் இருந்தாள். "டெட்லாக் ஆகி நிக்குது. நான் பார்க்கறேன்" என்று போனை வைத்தாள்.

"அது என்னம்மா, டெட்லாக்?"

"ரெண்டு புரோகிராம்ப்பா. இது பிடிச்சு வச்சிருக்கறது அதுக்கு வேணும், அது பிடிச்சு வச்சிருக்கறது இதுக்கு வேணும். நீ விடு, நான் விடறேன்னு ரெண்டும் அப்படியே நிக்கும். ஒரு வேலையும் ஓடாது."

வீரையன் முறைத்தார். "என்னைக் குத்திக்காட்டறியா?"

"ஐயோ, நிஜமாவே ஆபீஸ் வேலைப்பா!"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் எப்படித்தான் ஓட வைப்பீங்க?" என்றார்.

"ரெண்டுல ஒண்ணை விட்டுக்கொடுக்க வைப்போம்."

"தப்பு செஞ்சதையா?"

"தப்பெல்லாம் பார்க்க மாட்டோம்ப்பா. எது விட்டுக்கொடுத்தா நஷ்டம் கம்மியோ, அதை."

"பந்தியில கை நனைக்காமப் போனதெல்லாம் கணக்குலயே வராதா?"

"வராதுப்பா."

"நல்லா நடத்தறீங்க கம்பெனி!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவன் நாத்து கருகினா எனக்கென்ன?"

மறுநாள் காலை ரெத்தினத்தின் நாற்றங்காலில் தண்ணீர் தளும்பி நின்றது. வீரையன் வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "பாழாப்போன நண்டு! வரப்புல வளை போட்டு என் தண்ணியெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிப்புடுச்சு!"

மண்வெட்டி அகலத்துக்கு வளை போடுகிற நண்டைக் குந்தவை அன்றுதான் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் வீரையனின் கீழ்வயலுக்கும் தண்ணீர் பாய்ந்தது. ரெத்தினம் யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக் கத்தினான். "அந்த நண்டு இங்கயும் வந்துருச்சுப்பா! வாய்க்கால் அடைப்பையே பேத்துருச்சு!"

குந்தவைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, டெட்லாக் தீந்துருச்சு. போய் ரெத்தினம் மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

"எதுக்கு? தண்ணி விட்டது நண்டு. வேணும்னா அதுகிட்டப் பேசறேன்."

மண்வெட்டியைக் கழுவிச் சுவரோரம் சாத்தினார். பிறகு அடுப்படியில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"பிரகதாம்பா, ஞாயித்துக்கிழமை கறி எடுக்கறேன். ஒரு இலை கூடப் போட்டு வை. ரெத்தினம் இங்க வந்து கை நனைக்கிற வரைக்கும் அந்தப் பாக்கி பாக்கிதான்!"