ஒரு மிஸ்கூட இல்லீங்க

செருப்பைக் கழற்றும்போதே, மனைவி மதிவதனி போனில் பேசுவது கதிருக்குக் கேட்டது.

"மொத நாளு நாப்பது மிஸ்ஸுங்க மேடம். போன வாரம் ஏழு. இன்னைக்கு ஒரு மிஸ்கூட இல்லீங்க!"

கதிருக்குப் பகீரென்றது. துடியலூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. டீச்சர்கள் எல்லாரும் நின்றுவிட்டால் இவள் வேலை என்னாவது?

"பள்ளிக்கூடத்தை மூடறாங்களா அம்மணி?"

மதிவதனி சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைக் காட்டினாள். பியானோ கத்துக்கொடுக்கும் கேம். திரையில் கலர் கலராகக் கட்டங்கள் விழ விழ, கம்ப்யூட்டரோடு இணைத்த மியூசிக் கீபோர்டில் அந்தந்தக் கட்டையை அழுத்த வேண்டும். தவறினால் 'மிஸ்' என்று காட்டும்.

திரையில் இப்போது மிஸ்: 0.

"நாளைக்கு ஸ்கூல் பிரேயர் பாட்டுக்கு ஹெச்.எம். மேடம் என்னையவே வாசிக்கச் சொல்லிப்போட்டாங்க. பொடுசுக எல்லாம் இப்பவே பியானோ மிஸ்ஸுன்னுதானுங்க கூப்பிடுதுக!"