அக்கா அளந்த கதைகள்

தலையில் போட்ட தையல் பிரிப்பதற்குள் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தப் பெருமை பேச, என் அக்கா ஒருத்தியால்தான் முடியும்.

மூளையில் இருந்த கட்டியை எடுத்து, என் மனைவியை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. எந்நேரமும் தூக்கம். கையை அழுத்தச் சொன்னால் அழுத்தினாள். பேச்சுதான் வரவில்லை.

கட்டி இருந்தது பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில் என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தால் பேச்சு வரலாம், பழைய ஞாபகங்கள் கொஞ்ச நாள் குழம்பித்தான் இருக்கும் என்றார். ‘வரும்’ என்று சொல்லாமல் ‘வரலாம்’ என்றது என்னைத் தின்றுகொண்டிருந்தது.

பார்க்க வந்தவர்கள் மெல்லிய குரலில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய கதை பேசினாள். எல்லாக் கதையிலும் அவள்தான் கதாநாயகி. நாங்கள் முதலில் குடியிருந்த மாடி அறையை அலைந்து பிடித்தது அவளாம். எனக்கு வேலை போனபோது தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தைத் தாங்கியதும் அவளாம். அத்தனையும் என் மனைவி செய்தவை.

நர்ஸ் அக்காவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்துவிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா என்னிடம், “வாய் பேச முடியாதவகிட்ட வந்து இப்படியா?” என்று முகம் சுளித்தாள்.

அக்காவை வராந்தாவில் நிறுத்தி, போதும் என்று சொன்னேன்.

“என் தம்பி பொண்டாட்டிகிட்ட நான் பேசறேன். உனக்கு ஏன் எரியுது?” என்று உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு அந்த மாடி அறையின் ஜன்னல் திரை. பழைய புடவையைக் கிழித்துத் தானே தைத்ததாகவும், மஞ்சள் நிறமென்றும், வெயில் பட்டால் அறையே பொன்னாக இருக்குமென்றும் அளந்துகொண்டிருந்தாள்.

“பச்சை.”

எல்லோரும் திரும்பினோம். என் மனைவியின் உதடுகள் நடுங்கின.

“பச்சை... நான்... தச்சேன்.”

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அக்கா அசையவில்லை. “கட்டியை எடுத்தாங்களே, கூடவே அந்தக் கொழுப்பையும் எடுத்திருக்கக் கூடாதா?” என்றாள்.

அப்புறம் தினமும் அதே சண்டை. அக்கா ஒரு புளுகு விடுவாள். இவள் வார்த்தையைத் தேடித் தேடி மறுப்பாள். ஒற்றைச் சொல் வாக்கியமானது. ஒழுகிய கூரையும், மழைக்குப் பாத்திரம் வைத்த மூலைகளும் ஒவ்வொன்றாய் அந்த வார்டுக்குள் வந்து சேர்ந்தன. இருவருமே இன்று இல்லை. அந்தச் சண்டை மட்டும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், துணிகளை மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: “உன் பொண்ணு டைபாய்டுல கிடந்தப்போ, மடியை விட்டு இறக்காமப் பார்த்துக்கிட்டது நான்தான்.”

“இல்லை அண்ணி,” என்றாள் என் மனைவி, திக்காமல் திணறாமல். “அது நான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் மடியிலதான் கிடந்தா.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மடித்த புடவையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள் அவள்.

“ஆமாமா, நீதான். எனக்கு வயசாச்சு, எல்லாம் மறந்துபோகுது.”

மகள் அப்படிக் கிடந்தபோது என் மனைவி, தன் அம்மாவின் வைத்தியத்துக்காக வெளியூரில் இருந்தாள்.

அக்கா சொன்ன அத்தனை கதைகளிலும் அது ஒன்றுதான் உண்மை.