பதின்மூன்று மில்லிமீட்டர்

பிசெர்த் காயலின் பழங்காலத்தை அறிய, அடிச்சேற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுத்தார் மோன்ஜி. சேற்றின் உயரம் 2127 மில்லிமீட்டர் என்று குறித்து, கோடு போட்டு, மூடி முத்திரையிட்டார். மூன்றாம் நாள் வந்த புயல் அவரைப் படகோடு கொண்டுபோனது. அது நடந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இன்று அவர் மனைவி ரஃபிகா ஆய்வகக் குளிரறையில் அந்தக் குழாயின் சேற்றை அளந்தாள். 2140 இருந்தது. அளவு பொய்யென்றால் மோன்ஜியின் கடைசி ஆய்வையே தள்ளிவிடுவார்கள். குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் ஹேதியை அழைத்தாள்.

"ஹேதி, குழாயை மாத்தினது யாரு? சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"ஏன்க்கா, சேத்தைத் திருடி நான் மாடித்தோட்டமா போடப்போறேன்?"

"சிரிக்காத. அவர் பேரு கெடணும்னு யாரோ செஞ்சிருக்காங்க."

"முத்திரையைப் பாருங்க. அண்ணன் கையெழுத்துதானே?"

அவர் கையெழுத்துதான். முத்திரை கிழியவில்லை. ரஃபிகா நம்பாமல் விளக்கை அருகில் கொண்டுபோனாள்.

மோன்ஜி போட்ட கோட்டுக்குச் சற்று மேலே, புயல் மட்டுமே கொண்டுவரும் வெள்ளை மணல் ஒரு கீற்றாகக் கிடந்தது. அதன்மேல் கரிய சேறு, ஆண்டுக்கொரு வரியாகப் பதின்மூன்று வரிகள் படிந்திருந்தது. உச்சியில், கடுகளவு நத்தை ஒன்று ஈரத்தில் தடம் பதித்து மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.