கிராணி கேட்ட பெயர்கள்

தோட்டத்துக் கிரிக்கெட் சங்கத்தில் பயிற்சி கொடுத்த உதவி மேலாளரான சின்ன துரை, பந்தைத் தவறவிட்ட பையன்களை ஸ்டம்பால் அடித்தார். முதுகில் தடிப்போடு அங்கமுத்து, சங்கச் செயலாளரும் தோட்ட எழுத்தருமான கிராணியிடம் போய் நின்றான்.

"அப்பாகிட்ட சொன்னா ஆடவே விடமாட்டாருங்க, ஐயா."

"நான் இருக்கேன்லா. இனிமே உங்க மேல ஒரு அடி விழாது. வேற யார் யாருக்கு அடி? பேரைச் சொல்லு."

அவரை நம்பி அங்கமுத்து நான்கு கூட்டாளிகளின் பெயரையும் சொன்னான். கிராணி நிதானமாக எழுதிக்கொண்டார்.

பத்து பகாட் ஊர் அணியோடு நடக்கவிருந்த ஆட்டத்துக்கு முதல்நாள் சங்கப் பலகையில் அறிவிப்பு வந்தது. கூட்டாளிகளுக்காக அங்கமுத்துதான் உரக்கப் படித்தான்:

"பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, கீழ்க்கண்ட ஐவரும் அணியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். சின்ன துரையின் பயிற்சி வழக்கம்போல் நடக்கும்."

பக்கத்தில் நின்ற மணியம் கேட்டான்: "நம்ம அஞ்சு பேரையும் கிராணிகிட்ட யாருடா சொன்னது?"